சுரிந்தர் சிங் வழி: வெளிநாட்டுத் துணையைப் பக்கத்து நாட்டின் வழியாக அழைத்துவருவது பற்றிய கேள்விகள்

டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் பலர் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ திருமணம் செய்துகொண்டு, குடும்ப இணைப்பு விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நேர்வழி அடைபட்டால் ஐரோப்பியச் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது: துணையோடு வேறொரு உறுப்பு நாட்டில் சில காலம் வாழ்ந்துவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்புவது. அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சுரிந்தர் சிங் யார்? அவர் பெயர் ஏன் இந்த வழிக்கு வந்தது?

இந்தியக் குடிமகன். 1982-இல் பிராட்ஃபோர்டில் ஒரு பிரிட்டிஷ் பெண்ணை மணந்தவர். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்தார்கள். பிறகு சொந்தத் தொழில் தொடங்குவதற்காக பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். அதன்பின் திருமணம் முறியும் நிலைக்கு வந்தது. பிரிட்டிஷ் உள்துறை அவரை நாடு கடத்த முற்பட்டபோது வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

1992 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு குடிமகள் ஐரோப்பிய ஒப்பந்தம் தந்த உரிமையின்படி வேறொரு உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பினால், அங்கே கணவருடன் வாழ அவருக்கு இருந்த உரிமை திரும்பும்போதும் கூடவே வரும் என்பது அதன் சாரம். நீதிமன்றத்தின் தர்க்கம் எளியது. திரும்பி வந்தால் துணையை வெளியே விட்டுவர வேண்டும் என்றால், யார்தான் முதலில் கிளம்பிப் போவார்கள்?

சொந்த நாட்டுக் குடிமகனுக்கு எதற்கு இந்தச் சுற்றுவழி? அவருக்குத்தானே உரிமை அதிகம்?

அதுதான் வேடிக்கை. குடும்ப விஷயத்தில் அவருக்கு உரிமை குறைவு.

கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் ஜெர்மானியர் ஒருவர் இலங்கைப் பெண்ணை மணந்தால், அவருக்குப் பொருந்துவது 2004-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நடமாட்டச் சட்டம். அவர் காட்ட வேண்டியவை வேலை, திருமணச் சான்று, கடவுச்சீட்டு. அதே தெருவில் பிறந்து வளர்ந்த டேனிஷ் குடிமகனுக்கோ டென்மார்க்கின் உள்நாட்டுச் சட்டம். 2002 ஜூலையிலிருந்து இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். வீட்டு அளவு முதற்கொண்டு பார்ப்பார்கள். நெருங்கிய உறவில் திருமணம் என்றால், அது விருப்பத்தோடு நடந்ததா என்பதே சந்தேகத்துக்குரியது என்ற அனுமானத்தோடு அதிகாரிகள் தொடங்குவார்கள். மாமன் மகளையும் அத்தை மகனையும் முறையென்று கொண்டாடும் நம்மவர்களுக்கு இந்த ஒரு விதி தந்த தலைவலி கொஞ்சமல்ல.

நெதர்லாந்தில் 21 வயது, வருமான வரம்பு ஆகியவற்றோடு, 2006 மார்ச் முதல் துணை தன் நாட்டிலேயே டச்சு மொழி, சமூகம் பற்றிய தேர்வு எழுத வேண்டும். ஜெர்மனியில் 2007 ஆகஸ்ட் முதல் விசாவுக்கு முன்பே ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் தேர்வு. சென்னையிலும் கொழும்பிலும் கோத்தே நிறுவன வகுப்புகளில் புதுமணப்பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்த விதி.

அரசுகளின் கை தங்கள் குடிமக்கள் மீது முழுதாகப் பாய்கிறது; பக்கத்து நாட்டுக் குடிமகனை ஐரோப்பியச் சட்டம் காக்கிறது. எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிறவர் அந்தப் பக்கத்து நாட்டுக்காரரின் நிலைக்கு மாறிவிடுகிறார். இந்த வழியின் முழு ரகசியமும் அவ்வளவுதான்.

யாருக்கு இது பொருந்தாது?

ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை உங்களிடம் இருக்க வேண்டும். நிரந்தர வதிவிட அனுமதி போதாது. ப்ளூ கார்டு (வெளிநாட்டுத் திறன்மிகு பணியாளருக்கான அனுமதி) போதாது. அகதி அந்தஸ்தும் போதாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ப்ளூ கார்டில் இருக்கும் கணினிப் பொறியாளருக்கு இது தேவையும் இல்லை. அவருடைய துணைக்கு ஏ1 தேர்வு விலக்கு ஏற்கெனவே இருக்கிறது.

தாய்நாட்டை விட்டு அசையாமலே இதைக் கோர முடியாது. பிறந்ததிலிருந்து பிரிட்டனிலேயே வாழ்ந்து, அயர்லாந்துக் கடவுச்சீட்டு மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு உரிமை கேட்ட ஒருவரின் வழக்கை 2011-இல் நீதிமன்றம் மறுத்தது. கடவுச்சீட்டின் எண்ணிக்கை உதவாது; நீங்கள் நிஜமாக இடம்பெயர்ந்திருக்க வேண்டும்.

இது சட்டத்தை ஏமாற்றுவது ஆகாதா?

ஆகாது. இந்தக் கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2003-இல் வந்த அக்ரிச் வழக்கில், மொரோக்கோக்காரர் ஒருவரும் அவருடைய பிரிட்டிஷ் மனைவியும் டப்ளினுக்குக் குடிபோயிருந்தார்கள். ஏன் போனீர்கள் என்று அதிகாரி கேட்டபோது, சில மாதங்கள் அங்கே இருந்தால் ஐரோப்பிய உரிமையோடு பிரிட்டனுக்குத் திரும்பலாம் என்று கேள்விப்பட்டோம் என்றே வெளிப்படையாகச் சொன்னார்கள். வேறு நாட்டுக்குப் போய் வேலை செய்பவரின் உள்நோக்கம் என்ன என்பது பொருட்டல்ல என்றது நீதிமன்றம். வேலை உண்மையானதா, திருமணம் உண்மையானதா என்பதே கேள்வி.

அதே தீர்ப்பு, துணை ஏற்கெனவே ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு முட்டுக்கட்டையும் போட்டது. 2008 ஜூலையில் வந்த மெட்டாக் தீர்ப்பு அதை நீக்கியது. டென்மார்க் அரசியலில் அப்போது பெரிய கூச்சல் எழுந்தது; சுவீடனின் மால்மோ நகருக்கு ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்த டேனிஷ் தம்பதியருக்கு அது நல்ல செய்தி.

போலித் திருமணம் வேறு விஷயம். விசாவுக்காக மட்டும் செய்த திருமணம் என்று நிரூபணமானால் எல்லா உரிமையும் போகும். அதற்கு இந்தப் பக்கத்தில் ஆலோசனை கிடையாது.

எவ்வளவு காலம் அங்கே இருக்க வேண்டும்?

சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மூன்று மாதத்துக்கு மேல். 2014 மார்ச் 12 அன்று வந்த ஓ. மற்றும் பி. தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. துணை வேறு நாட்டில் இருக்க, வார இறுதிக்கும் விடுமுறைக்கும் போய்வருவது கணக்கில் வராது. அந்த வழக்கிலேயே ஒருவர் ஸ்பெயினிலும் இன்னொருவர் பெல்ஜியத்திலும் இருந்த துணையை அப்படித்தான் சந்தித்துவந்தார். இருவரும் ஒரே கூரையின்கீழ், குடும்பமாக, தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் ஒரு நாள் என்று கணக்குப் போட்டுத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டு ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வதிவிட அட்டை எல்லாம் கைக்கு வரவே ஆறு மாதம் ஆகிவிடும். ஒரு வருடம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு குளிர்காலத்தையாவது அங்கே கழித்தவரின் கோப்பு தானாகவே கனமாகிவிடும். மின்சாரக் கட்டணம், மருத்துவர் சந்திப்பு, பிள்ளையின் பள்ளிக் கடிதம் எல்லாம் யாரும் ஏற்பாடு செய்யாமலே சேர்ந்துவிடும்.

வேலை கட்டாயமா? சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். வேலை செய்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. வேலை உண்மையானதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால் போதும். பகுதிநேர வேலையும் சேரும். 1986-இல் தீர்ப்பான கெம்ப்ஃப் வழக்கில், நெதர்லாந்தில் வாரத்துக்கு 12 இசைப் பாடம் எடுத்துக்கொண்டு, மீதிக்கு அரசு உதவி வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியர் ஒருவரும் தொழிலாளர்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சொந்தத் தொழில் செய்யலாம். படிக்கலாம். வேலையே செய்யாமல் சேமிப்பில் வாழலாம். ஆனால் கடைசி இரண்டு வகையினருக்கும் முழுமையான மருத்துவக் காப்பீடு வேண்டும். காப்பீடு இல்லாமல் கழித்த மாதங்கள் பின்னால் கோப்பில் ஓட்டையாக நிற்கும். செலவுக்குப் போதுமான பணம் என்று சட்டம் சொல்கிறதே தவிர, நிலையான தொகை எதையும் எந்த நாடும் விதிக்க முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியமில்லை. டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் 2000-இல் திறந்தபின், மால்மோவில் குடியிருந்துகொண்டு கோபன்ஹேகனில் வேலைக்குப் போய்வந்தவர்கள் ஏராளம். வேலை அந்தக் கரையில், குடும்பம் இந்தக் கரையில்.

துணைக்கு விசா எப்படி? கட்டணம் எவ்வளவு?

கட்டணம் இல்லை. நீங்கள் சுவீடனில் வாழப்போகும் டேனிஷ் குடிமகன் என்றால், உங்கள் மனைவி விண்ணப்பிக்க வேண்டியது சுவீடன் தூதரகத்தில். அதுவும் ஐரோப்பியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்ற வகையில். அந்த விசா இலவசமாகவும் விரைவாகவும் தரப்பட வேண்டும் என்பது சட்டம். முகவர் நிறுவன கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் சாதாரணச் சுற்றுலா விசா படிவத்தை நீட்டக்கூடும். நடமாட்டச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி, விண்ணப்பத்தின் மேலேயே வையுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த உடனே ரசீது தருவார்கள். அட்டை ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். பொதுவாக ஐந்தாண்டுக்குச் செல்லும். துணை அதற்குள் வேலைக்கும் போகலாம். சட்டம் தடுக்கவில்லை. கணக்குத் திறக்க வங்கியும் வேலை தர முதலாளியும் அட்டையைக் கேட்பார்கள் என்பது நடைமுறைத் தொல்லை.

திருமணச் சான்று விஷயத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

தாலியும் ஆல்பமும் சான்றல்ல, பதிவுதான் சான்று. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். சுயமரியாதைத் திருமணமானாலும் (1967-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் செல்லுபடியாக்கியது) பதிவுச் சான்று வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்திலேயே பாருங்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் ஐரோப்பியப் படிவங்களோடு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது.

ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஒரே முத்திரையோடு ஏற்க வழிசெய்யும் அபோஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. ஆகவே பெரும்பாலான நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரை போதும். ஆனால் ஜெர்மனி இந்தியாவின் சேர்க்கைக்கு மறுப்புத் தெரிவித்த நாடு. அங்கே போகிறவர்கள் முத்திரையை நம்பாமல் தூதரகத்தின் நடைமுறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இலங்கைச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குக் கொழும்புவரை அலையத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணம். பழகிய காலம் குறைவு. போலி என்பார்களா?

அப்படிச் சொல்லக் கூடாது. ஏற்பாட்டுத் திருமணத்தையும் கட்டாயத் திருமணத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, இருவரும் மனமொப்பினால் முந்தையது முழுக்கச் செல்லும் என்று ஐரோப்பிய ஆணையத்தின் 2009 வழிகாட்டியே சொன்னது. ஆனாலும் நேர்காணலில் கேள்வி வரும். தனித்தனி அறையில் உட்காரவைத்து, முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள், வீட்டில் யார் சமைக்கிறார்கள், மாமனாரின் தொழில் என்ன என்றெல்லாம் கேட்பார்கள்.

இதற்காக மனப்பாடம் செய்வது வீண். பெண் பார்க்க வந்த நாள், நிச்சயதார்த்தம், இரு வீட்டார் பேசிய வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய பணத்தின் ரசீது எல்லாம் வரிசையாக இருக்கட்டும். திருமண ஆல்பத்திலிருந்து நானூறு படம் கொடுக்காதீர்கள். மேடையில் கை கூப்பி நிற்கும் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பந்தியில், பயணத்தில், சமையலறையில் எடுத்த பத்துப் படம் போதும்.

எந்த நாட்டுக்குப் போவது நல்லது?

வேலை கிடைக்கும் நாட்டுக்கு. மொழி தெரிந்தால் இன்னும் நல்லது. டேனிஷ்காரர்களுக்கு சுவீடன், டச்சுக்காரர்களுக்கு பெல்ஜியம் என்று வழக்கமாகிவிட்டது. ‘பெல்ஜியம் வழி’ என்று டச்சு மொழியில் ஒரு பெயரே இருக்கிறது. பெல்ஜியத்தில் முகவரி பதிந்ததும் வட்டாரப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து மணியடிப்பார். பயப்பட வேண்டாம், அந்த வருகையே நீங்கள் அங்கே வாழ்ந்ததற்கு முதல் சாட்சி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அயர்லாந்து. ஆனால் டப்ளின் வீட்டு வாடகையை முதலில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரும்பும்போது என்ன செய்ய வேண்டும்?

துணையும் நீங்களும் சேர்ந்தே திரும்புங்கள், வந்ததும் விண்ணப்பம் போடுங்கள். நீங்கள் முன்னால் வந்துவிட்டு, குடும்பத்தார் வெகுகாலம் கழித்து வந்தால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மறுக்க டென்மார்க் முயன்றது. தாமதத்தையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் எல்லாச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2018-இல் நீதிமன்றம் சொன்னது. அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

திரும்பிய நாட்டில் உடனே வேலை இருக்க வேண்டும் என்பதில்லை. 2007-இல் வந்த ஐந்த் தீர்ப்பில், பிரிட்டனில் வேலை செய்துவிட்டு உடல்நலமின்றி நெதர்லாந்துக்குத் திரும்பி அரசு உதவியில் வாழ்ந்த தந்தைக்கும், சுரிநாமிலிருந்து அவரிடம் வந்துசேர்ந்திருந்த மகளைக் கூட வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று தீர்ப்பானது.

பிரிட்டனுக்கு இன்னும் இந்த வழி உண்டா?

இல்லை. 2012 ஜூலையில் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு என்ற வரம்பு வந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் பலர் இந்த வழியில் போனார்கள். வாழ்க்கையின் மையம் அங்கே மாறியிருந்ததா என்று 2014 முதல் பிரிட்டன் ஒரு கூடுதல் சோதனையும் வைத்தது. பிரெக்ஸிட் எல்லாவற்றையும் முடித்தது. 2020 டிசம்பர் 31-க்கு முன்பே வெளிநாட்டில் குடும்பமாக வாழ்ந்தவர்கள் 2022 மார்ச் 29-க்குள் திரும்ப அவகாசம் இருந்தது. 2023 ஆகஸ்டில் புதிய விண்ணப்பங்களுக்கான கதவும் மூடப்பட்டது. வருமான வரம்போ 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டு ஆனது. ‘இப்போதும் அயர்லாந்து வழியாகச் செய்யலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் பழைய கதையைச் சொல்கிறார்.

ஜெர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் முன்பே லண்டனுக்கும் லெஸ்டருக்கும் போய்க் குடியேறிய தமிழர்களுக்கு ஒரு விலக்கு. பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடிமக்கள் தங்குவதற்காக பிரிட்டன் வைத்த குடியேற்றத் திட்டத்தில் அவர்களுக்கு அந்தஸ்து இருந்து, திருமணமோ உறுதியான உறவோ 2020 முடிவதற்குள் தொடங்கியிருந்தால், துணையை அந்தத் திட்டத்திலேயே அழைக்கலாம். அதன் பிறகு நடந்த திருமணங்களுக்குச் சாதாரண பிரிட்டிஷ் விதிதான்.

பெற்றோரையும் கூட அழைத்துவரலாமா?

21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், துணையின் முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் உட்பட, வரலாம். உங்களையோ உங்கள் துணையையோ சார்ந்து வாழும் பெற்றோரும் வரலாம். சார்ந்திருத்தல் என்றால் அடிப்படைச் செலவுக்கு உங்கள் பணம் தேவைப்படுவது. மாதாமாதம் அனுப்பிய தொகையின் வங்கிப் பதிவு வேண்டும். விசாவுக்கு முந்தின மாதம் மட்டும் அனுப்பிய பெருந்தொகை யாரையும் நம்பவைக்காது.

ஒரே பாலினத் தம்பதியர்? பதிவுசெய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள்?

2018 ஜூன் 5 அன்று வந்த கோமன் தீர்ப்பு: பிரஸ்ஸல்ஸில் மணந்த ருமேனியரும் அமெரிக்கரும் ஆண்கள், ருமேனியா அந்தத் திருமணத்தை அங்கீகரிக்காவிட்டாலும் வதிவிட உரிமை தர வேண்டும் என்றது. மணமாகாத இணையருக்குத் தானாக உரிமை வராது. ஆனால் நிலையான உறவைக் காட்டினால் அரசு விண்ணப்பத்தை ஆராய்ந்து, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மறுத்துவிட்டால்?

மறுப்பு எழுத்தில், காரணத்தோடு வர வேண்டும். மேல்முறையீட்டுக்கு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதும் அதிலேயே இருக்கும். கவுன்டரில் வாய்மொழியாக ‘இது உங்களுக்குப் பொருந்தாது’ என்றால், படிவத்தை வாங்கிக்கொண்டு ரசீது தரச் சொல்லிக் கேளுங்கள். ரசீது இல்லாத மறுப்புக்கு மேல்முறையீடு செய்ய முடியாது.

ஐரோப்பிய ஆணையத்தின் சால்விட் என்ற இலவசச் சேவை இருக்கிறது. ஒரு நாட்டின் அலுவலகம் ஐரோப்பியச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், இணையத்தில் புகார் கொடுக்கலாம். இரு நாட்டு அதிகாரிகளும் தங்களுக்குள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அட்டை ஆறு மாதம் தாண்டியும் வரவில்லை, இல்லாத ஆவணம் கேட்கிறார்கள் போன்ற சிக்கல்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சால்விட்டில் புகார் இருக்கிறது என்பதற்காக மேல்முறையீட்டுக் கெடு நிற்காது. அதைத் தனியாகத் தாக்கல் செய்துவிடுங்கள். நீதிமன்றம் போகும் நிலை வந்தால், நீங்கள் திரும்பிய நாட்டின் குடியேற்ற வழக்கறிஞரை அமர்த்துங்கள். முன்பணமாக முழுத் தொகையும் கேட்டு, அட்டைக்கு உத்தரவாதம் தரும் தரகரிடம் அந்தக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.